நெற்றியில் வைத்த இசைக்கவை

சித்தி இடது காதிலிருந்து பஞ்சை எடுத்து, முகர்ந்து பார்த்து, கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டாள். "உங்க டாக்டர் பாக்கணும்னா சொல்லு, பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள். சிறுவயதிலிருந்தே அந்தக் காதில் சீழ். வீட்டில் எல்லோருக்கும் அவள் பஞ்சு சித்திதான். தையல் ஆலையின் இரைச்சலில் யாருக்குமே எதுவும் கேட்காது என்பதால், அங்கே மட்டும் அவள் மற்றவர்களைப் போல இருந்தாள்.

நான் இந்த மருத்துவமனையில் செவித்திறன் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். சற்றுமுன் டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்தபோது செவிப்பறைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்தது. எலும்பை அரிக்கும் வகை. எதுவரை அரித்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும். அதற்குமுன், தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் இசைக்கவையை வைத்துப் பார்க்கச் சொன்னார்.

போன வருடம் நெற்றியில் வைத்தபோது, "கெட்ட காதுலதாண்டி கணீர்னு கேக்குது!" என்றாள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அடைபட்ட காதில் எலும்பு வழியே வரும் ஒலி அப்படித்தான் பலமாகக் கேட்கும், உட்செவி உயிரோடிருந்தால். அது செத்துவிட்டால் ஒலி நல்ல காதுக்குப் போய்விடும்.

கவையை முழங்கையில் தட்டி அவள் நெற்றியில் வைத்தேன்.

"எந்தப் பக்கம், சித்தி?"

"நல்ல காதுலதான்." பரீட்சையில் தேறியவளின் களை அவள் முகத்தில். "இந்தத் தடவ சரியாச் சொல்லிட்டேன்ல?"

அன்று எல்லோரும் சிரித்ததற்காக மாற்றிச் சொல்கிறாளா? பொய்யாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உட்செவி கெட்டால் நடையும் தள்ளாடும்; கொஞ்ச நாளாக அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது நினைவுக்கு வந்தது.

"சும்மா சொல்லாத சித்தி. கண்ண மூடிக்கோ. எங்க கேக்குதோ அங்க கைய வை."

"பொய் சொன்னா காதத் திருகுவியா? கெட்டதாப் பாத்துத் திருகு, எப்படியும் வீணாப் போனதுதான்."

மறுபடி தட்டி வைத்தேன். அவள் கை தயங்காமல் எழுந்தது. ஒலி வெளியே ஓடிவிடாமல் பிடித்துவைப்பதுபோல், வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டாள்.

திரைக்கு அப்பாலிருந்து டாக்டர் என்னைக் கேட்டார். "எந்தப் பக்கம்மா?"

"நல்ல பக்கம், டாக்டர்."

அங்கே நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"சித்தி" என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை; கண்ணைத் திறக்கவில்லை. வலது காதைப் பொத்தியபடி, சிரித்த முகமாக, நான் அடுத்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.