ஜட்ஜ் ஐயாவின் ஜிங்க்

எங்கள் முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து ஜிங்க் பார்த்தார்கள். சரியாகச் சாப்பிடாத வயதில் இந்தச் சத்து குறைந்துவிடுமாம்; குறைந்தால் ருசி தெரியாது, புண் சீக்கிரம் ஆறாது. குறைவாக இருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தோம். மறுபடி பார்த்தபோதுதான் வந்தது வினை. மாத்திரை கொடுத்தும் கண்டக்டருக்கு ஏறவே இல்லை. மாத்திரையே கொடுக்காத ஜட்ஜுக்கு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

ஜட்ஜ் நிஜ ஜட்ஜ் இல்லை. துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்தவர். எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்வதால் அந்தப் பெயர். கண்டக்டர் நிஜமாகவே பஸ் கண்டக்டர். இருவரும் ஒரே அறை. விடிந்ததும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று ஆரம்பித்துவிடுவார்கள். நர்ஸ் வேலைக்கு வந்தேனா, பஞ்சாயத்து பண்ண வந்தேனா என்று எனக்கே சந்தேகம்.

"உங்க மாத்திரையெல்லாம் எங்க போச்சு?" என்று மேனேஜர் அதட்டினார். கண்டக்டர் திருதிருவென்று முழித்தார். பிறகு பக்கத்துக் கட்டிலைக் கைகாட்டினார்.

"நானா? நானா திருடன்?" ஜட்ஜ் கட்டிலை விட்டு எழுந்தார்.

ரத்தமே சாட்சி சொல்கிறது, நாளைக்கே பின்கட்டிடத்துக்கு மாறுங்கள் என்றார் மேனேஜர். அங்கே பாதிப் பேருக்குக் காது கேட்காது. சண்டை போடக்கூட ஆளில்லாமல் மனுஷன் ஒடிந்துபோவார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் பெட்டி கட்ட உதவப் போனேன். ஜட்ஜ் தன் பல்செட்டில் பசையைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார், கேக்குக்குக் கிரீம் வைப்பதுபோல.

"எதுக்கு ஐயா இவ்வளவு?"

"இல்லேன்னா பேசும்போதே கழண்டு மடியில விழுது சிஸ்டர். ஒரு டியூப் ரெண்டு நாளைக்குக்கூட வரமாட்டேங்குது."

டியூபை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் ஜிங்க் என்று இருந்தது. நாள் முழுக்க அதைத்தான் விழுங்கியிருக்கிறார்! அதிகமானால் கால் மரத்துப்போகும் என்று டாக்டர் வேறு எச்சரித்திருந்தார்.

கண்டக்டர் பக்கம் திரும்பினேன். "அப்போ உங்க மாத்திரை?"

அவர் பார்வை ஜன்னலோரப் பூந்தொட்டிக்குப் போனது. "வெறும் வயித்துல போட்டா குமட்டுது சிஸ்டர். பல்செட்டு கடிக்குது, எதையும் மெல்ல முடியல. சூப்பைக் குடிச்சே காலத்தை ஓட்டுறேன். சொன்னா நீங்க திட்டுவீங்கன்னுதான்..."

ஒருவருக்குத் தொளதொள, இன்னொருவருக்கு இறுக்கம். வாஷ்பேசினைப் பார்த்தேன். அறை அழகாக இருக்கட்டும் என்று மேனேஜர் வாங்கி வைத்த இரண்டு கிண்ணங்கள், அச்சு அசலாக ஒரே மாதிரி. படுக்கும்போது பல்லை அதில் ஊறப்போடுவார்கள். எழுந்ததும் கண்ணாடிகூடப் போடாமல் எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.

"ரெண்டு பேரும் கழட்டுங்க!" என்று கத்தினேன். நன்றாகக் கழுவி, மாற்றிக் கொடுத்தேன். இருவருக்கும் கச்சிதமாக உட்கார்ந்தது.

சத்தம் கேட்டு வந்த மேனேஜர் விஷயம் தெரிந்து அசடு வழிந்தார். "ஐயா இங்கேயே இருக்கலாம்" என்றார். ஜட்ஜ் பெட்டியைத் தூக்கினார்.

"திருடன்னு சொன்னவன்கூட ஒரே ரூம்ல இருக்க மாட்டேன்."

கண்டக்டர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நான் சொன்னது தப்புதான்யா. அதுக்காகப் போயிடுவியா? இத்தனை மாசமா என் பல்லை மாட்டிக்கிட்டு என்னையே திட்டியிருக்க. இப்பத்தான் அது என் வாய்க்கு வந்திருக்கு. நான் திருப்பித் திட்ட வேணாமா? உட்காருய்யா!"

ஜட்ஜ் உட்கார்ந்தார்.