கரியன் திருப்பிப் போட்ட சட்டை

ஸ்டைல் பத்திரிகையைக் காட்டிச் சாதிச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தவன் இந்தியாவிலேயே நான் ஒருவன்தான். போதாக்குறைக்கு, மெட்ராஸ் வாலிபர்கள் ஒரு வருஷம் முழுக்கச் சட்டையைத் திருப்பிப் போட்டுத் திரிந்ததும் என்னால்தான். இதைச் சொன்னால் கள்ளக்குறிச்சி டீக்கடையில் நாராயணசாமி மட்டும் சிரிப்பார். சான்றிதழ் கொடுக்கும் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். அப்படி ஒரு பைலே கிடையாது என்பார்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ரோடெங்கும் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். நான் கண்டக்டர். சின்னசேலத்திலிருந்து கிளம்பிய என் பஸ் பாதி வழியில் ஒரு புளியமரத்திடம் தோற்று நின்றது. மரத்தின் இந்த முனையில் வெயில் அடித்தது, அந்த முனையில் மழை பெய்தது, அவ்வளவு நீளம்.

பஸ்ஸில் கல்வராயன் மலைக் கரியன் இருந்தார். மகள் மீனாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அடுத்த மாதக் கடைசிக்குள் பழங்குடிச் சான்றிதழ் காட்டாவிட்டால் இடம் போய்விடும். மலைவாசிகளுக்கு ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிறது, அவரிடம் காகிதம்தான் இல்லை. வெளுத்த சட்டையும் வாரிய தலையுமாக வருகிறாய், நீ எப்படி மலைவாசி, ஆதாரம் கொண்டு வா என்று மூன்று தடவை விரட்டியிருந்தார்கள்.

மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கார். மெட்ராஸின் பாட்டு, பண்பாடு, ஸ்டைல் எல்லாவற்றையும் மாதாமாதம் வழவழத் தாளில் ஆங்கிலத்தில் போடும் பத்திரிகையின் ஆசிரியை சுபஸ்ரீயும் ஒரு கேமராக்காரரும் இறங்கினார்கள். ஏற்காட்டில் ஒரு கிடார் கோஷ்டியைப் படமெடுக்கப் போனவர்கள். கோஷ்டி வேறொரு மரத்தடியில் மாட்டிக்கொண்டதாம். நடுப்பக்கம் காலி. அந்த அம்மாவின் கண் கரியனின் சட்டையில் விழுந்தது. தையலெல்லாம் வெளியே தெரிய, உள்பக்கத்தை வெளியே போட்டிருந்தார். இது என்ன ஸ்டைல் என்று அந்த அம்மா கேட்டார்.

"ஸ்டைலு இன்னாங்க ஸ்டைலு. நல்ல பக்கத்துல புழுதி படக் கூடாதுங்க. ஆபீஸாண்ட போயித் திருப்பிப் போட்டுக்குவேன்."

இந்த உண்மையை வைத்து நடுப்பக்கத்தை ரொப்ப முடியுமா? நான் குறுக்கே புகுந்து, மலையில் முப்பாட்டன் காலத்திலிருந்து இதுதான் உடுப்பு என்று அளந்துவிட்டேன். அந்த அம்மா ஒரு நோட்டு முழுக்க எழுதினார். கேமராக்காரர் கரியனை மரத்தின் மேல் ஏற்றி நாற்பது படம் எடுத்தார்.

கெடுவுக்கு நாலு நாள் இருக்கையில் அந்த அம்மா அனுப்பிய பத்திரிகை என் டிப்போவுக்கு வந்தது. நடுப்பக்கம் முழுக்கக் கரியன். கீழே, கல்வராயன் மலைப் பழங்குடியின் கலக உடை என்று ஆங்கிலத்தில். பத்திரிகையோடு கரியனையும் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். மூன்று தடவை ஆளை நேரில் பார்த்து நம்பாத அதிகாரி, வழவழத் தாளில் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"இங்கிலீஷ்ல போட்டுக்கிறான். தப்பா இருக்குமா?"

கையெழுத்து விழுந்தது.

போன வாரம் நாராயணசாமி சர்க்கரைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனார். போட்ட நர்ஸம்மா மீனா. எங்கப்பா படத்தைப் பைலில் கோத்தவர் நீங்கள்தானே என்று கேட்டாராம். கடைக்கு வந்தவர் டீகூடச் சொல்லாமல் நேரே என்னிடம் வந்தார்.

"நான்தான்யா கோத்தேன்," என்றார். "ஆடிட்டு கேக்கும்னு இல்ல இல்லன்னுக்கினு இருந்தேன். ஓட்டை அவரு மூஞ்சில வுழாம ஓரமாத்தான் போட்டேன்."