ஆளில்லாத துப்பாக்கி

அந்த வீட்டில் வியாழக்கிழமை மாலைகளில் எண்ணெய் காயும் வாசனை வந்தது. ஆனால் அடுப்பு மூட்டியவர் யாரும் இல்லை.

முதல் முறை ஷாயிர்பெக் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. வியாழன் மாலையில் அந்த மலையடிவாரத்துக் கோக்-சாய் ஊரில் எல்லா வீடுகளிலும் மாவைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். இறந்தவர்கள் அன்று தங்கள் அடுப்பைத் தேடி வருவார்கள், அந்த வாசனைதான் அவர்களுக்குச் சாப்பாடு. பக்கத்து வீட்டு வாசனை காற்றில் வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஆடுகளைப் பட்டியில் அடைத்தான். அவன் மனைவி ஜூரா பிள்ளையுண்டாகியிருந்தாள். எண்ணெய் வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டும். அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் பொரிப்பதே இல்லை.

அடுத்த வியாழன் அவன் வைக்கோல் கொட்டகையின் பக்கவாட்டில், முற்றத்து மூலையில் போய்ப் பார்த்தான். முன்பு இருந்தவர்கள் கட்டிய களிமண் அடுப்பு ஒன்று அங்கே சும்மா கிடந்தது. அதில் கை வைத்தான். சூடாக இருந்தது. ஓடைக்கரையிலிருந்து, மதிலுக்கு வெளியே திறக்கும் கொட்டகையின் பின்கதவு வரை பனியில் காலடித் தடம் தெரிந்தது. வந்த தடம் மட்டும்தான். திரும்பிப் போன தடம் இல்லை.

"இந்த வீட்ல நாம மட்டும் இல்லீங்க," என்றாள் ஜூரா. பொழுது சாய்ந்தால் அவள் ஜன்னல் பக்கமே போவதில்லை. "நேத்து மாடு கொட்டகையைப் பாத்து தலையை ஆட்டிட்டே நின்னுச்சு. வீட்டுக்காரங்களைப் பாத்தா ஆட்டுமே, அந்த மாதிரி."

"மாட்டுக்கு உன்னைவிட கற்பனை ஜாஸ்தி."

"சிரிங்க. பிரசவத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்ல, போனா திரும்பி வரமாட்டேன். அப்ப மாட்டோட சிரிங்க."

அந்த வீட்டை அவர்கள் சென்ற இலையுதிர் காலத்தில்தான் வாங்கியிருந்தார்கள். பழைய சொந்தக்காரர் அசனாலி கோடையில் இறந்துபோனார். ரஷ்யாவில் வேலை பார்த்த மகன் வந்து, இறந்து ஒரு வருடம் ஆனதும் கொடுக்கிற விருந்து முடியும்வரைகூடப் பொறுக்காமல் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டான். ஷாயிர்பெக் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல. கீழ்த்தெருவில் ஆடு திருடு போயிருந்தது. வருகிறவன் வேவு பார்க்கத்தான் வருகிறான் என்று முடிவு செய்தான். பயம் மனிதனை அவ்வளவு சுலபமாக அறிவாளி ஆக்கிவிடுகிறது.

அவன் தன் வேட்டைத் துப்பாக்கியைக் கொட்டகைத் தூணில் கட்டினான். குழல் பின்கதவைப் பார்த்திருந்தது. விசையிலிருந்து ஒரு கயிறு கதவுக்குப் போனது. கதவைத் தள்ளினால் போதும். இதை அவன் ஜூராவிடம்கூடச் சொல்லவில்லை.

ஜூராவின் அண்ணன் எசெனாலிதான் அந்த வட்டாரத்துக் காவலர். ஒருநாள் தேநீர் குடிக்க வந்தவர், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தங்கை உள்ளே ரொட்டி எடுக்கப் போகும்வரை காத்திருந்தார்.

"மாப்ளே, உள்ள ஒருத்தனைத் தூண்ல கட்டி வெச்சிருக்கியே, அவனுக்குச் சோறு போட்டியா?"

"என் வீடு, என் சுவரு மச்சான். கேக்காம உள்ள வர்றவனுக்கு வேற என்ன பண்ணணும்?"

"வந்தா பிடி. கட்டிப் போடு. எனக்கு ஆள் அனுப்பு. கத்தியை உருவினான்னா அடி, நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா அவன் ஓடும்போது முதுகுல அடிச்சேன்னா கேப்பேன். கீழ விழுந்தப்புறம் அடிச்சாலும் கேப்பேன்."

"நான் அடிக்கவே போறதில்லையே. அது தானா சுடும்."

"அதான் கெட்டது. உயிருக்கு ஆபத்துன்னு தடுத்தா தற்காப்பு. நீ மலையில ஆடு மேய்ச்சிட்டு இருக்கே. கொட்டகையில யாருக்கு ஆபத்து? வைக்கோலுக்கா?" எசெனாலி கோப்பையைக் கீழே வைத்தார். "வர்றவன் திருடனா, வழி தப்பின குழந்தையான்னு நீ இருந்தா பாப்பே. அது பாக்காது. நீதிபதிகிட்ட 'என் கயிறு தப்பா நெனச்சிருச்சு'ன்னு சொல்வியா? சாயந்திரமே அவுத்துரு."

"அவுத்துர்றேன் மச்சான்."

அவிழ்க்கவில்லை. இந்த ஒரு வியாழன் மட்டும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அந்த வியாழன் மூடுபனி ஓடையிலிருந்து எழுந்து ஊரை மூடியிருந்தது. முன்னால் போன ஆடுகள்கூடத் தெரியவில்லை. ஷாயிர்பெக் வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு வந்தான். வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாசற்கதவை நெருங்கியபோது வாசனை வந்தது. சூடான எண்ணெயில் மாவு பொரிகிற வாசனை.

யாரோ உள்ளே வந்துவிட்டார்கள், ஆனால் துப்பாக்கி வெடிக்கவில்லை. ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு, கோலை இறுகப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் போனான்.

மூடுபனிக்கு நடுவே அடுப்பு சிவந்திருந்தது. அதன் முன்னால் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கைகளை ஏந்தி மெல்ல ஓதிக்கொண்டிருந்தாள். ஓதி முடித்து முகத்தைத் தடவிக்கொண்டு திரும்பினாள். அசனாலியின் மனைவி புருல்கான். கடைத்தெருவில் அவளைப் பலமுறை பார்த்திருக்கிறான்.

"அடிக்கிறதுன்னா அடிச்சிரு தம்பி. எண்ணெய் மட்டும் கொட்டிறாம பாத்துக்கோ, கடன் வாங்கினது."

கோல் தானாகக் கீழே இறங்கியது. "அக்கா... நீங்களா? கேட்டா விட்டிருப்பேனே."

"வித்தவங்க திரும்ப வந்து அடுப்பு மூட்டினா வாங்கினவங்களுக்கு ஆகாதும்பாங்க. உன் வீட்டுக்காரி வேற மாசமா இருக்கா. எந்த முகத்தை வெச்சிக்கிட்டு வந்து கேக்க?" அவள் பொரித்த துண்டுகளை ஒரு துணியில் எடுத்து வைத்தாள். "வாடகை ரூம்ல பொரிக்கலாம்தான். ஆனா அந்த வீடு அவருக்குத் தெரியாதே. வருஷம் திரும்பலை. அவர் பழைய வழியிலதானே வருவார்? நீ ஆட்டை உள்ள ஓட்டினதும் அதுங்க மிதிச்ச தடத்துலயே நான் வெளிய போயிருவேன்."

ஷாயிர்பெக் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "இன்னைக்கு எந்தப் பக்கமா வந்தீங்க?"

"வாசல் வழியா. எப்பவும் பின்கதவுதான். இன்னைக்கும் தாழ்ப்பாளைத் தூக்கிட்டேன். உள்ளேருந்து, 'இந்தக் கதவு வேணாம், சுத்தி வா'ன்னு சத்தம் வந்துச்சு."

"யாரு?"

"இதென்ன கேள்வி. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? கோவத்துல இருந்தா பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார். இன்னைக்குப் பேரைச் சொல்லலை." அவள் நெருப்பைப் பார்த்தாள். "ஏன் கோவம்னுதான் தெரியலை."

அவன் கொட்டகைக்குள் போனான். பின்கதவின் தாழ்ப்பாள் பாதி தூக்கியபடி நின்றது. கயிறு விறைத்திருந்தது. இன்னும் ஒரு விரல் அகலம் கதவு நகர்ந்திருந்தால் முடிந்திருக்கும். உள்ளே யாரும் இல்லை. வைக்கோல் அசையாமல் கிடந்தது. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு, அவன் கைகள் என்ன செய்யப்போகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. ஷாயிர்பெக் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்த்தான், தோட்டாக்களை எடுத்தான். பிறகு வெறும் இருட்டைப் பார்த்து, "மன்னிச்சிருங்க ஐயா," என்றான்.

துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக எசெனாலி வீட்டுக்குப் போனான். நடந்ததை ஒன்றும் மறைக்கவில்லை. எசெனாலி அவனை உட்காரச் சொன்னார்.

"நான் போலீஸா கேக்கவா, மச்சானா கேக்கவா?"

"போலீஸாவே கேளுங்க."

"யாரும் சாகலைன்னாலும் நீ பண்ணது குத்தம். இனி உனக்குத் துப்பாக்கி கிடையாது. அபராதமும் வரும்." அவர் துப்பாக்கியை வாங்கி அலமாரியில் பூட்டினார். "மச்சானா சொல்றேன். அந்த அக்கா வீட்டுக்குப் போய், உன் வாயால கூப்பிடு. சட்டத்துக்கு நீ கட்ட வேண்டியது வேற, அவங்களுக்குக் கட்ட வேண்டியது வேற."

மறுநாள் காலை ஷாயிர்பெக் புருல்கானின் வாடகை அறைக்குப் போனான். வியாழன்தோறும் வாசல் வழியாகவே வரச் சொன்னான். தூணில் கட்டியிருந்த துப்பாக்கியைப் பற்றியும் சொன்னான். அவள் முகம் வெளுத்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்ப கோவம் என் மேல இல்லை," என்றாள். பிறகு அவனுக்குத் தேநீர் ஊற்றினாள். தன்னைக் கொல்ல இருந்தவனுக்குத் தேநீர் ஊற்றுகிற கைகளை இறைவன் எதற்காகப் படைத்தான் என்று அவன் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தான்.

அடுத்த வியாழன் புருல்கான் வாசல் வழியாகவே வந்தாள். ஜூரா சால்வையால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு, எட்ட உட்கார்ந்து மாவைத் தேய்த்தாள்.

"மூஞ்சியை மூடிட்டு நீதான் திருட வந்தவ மாதிரி இருக்கே," என்றாள் புருல்கான்.

"எண்ணெயைப் பாருங்கக்கா, கருகுது."

ஷாயிர்பெக் ஆடுகளோடு வந்தபோது வாசற்கதவு அகலத் திறந்திருந்தது. எப்போதும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே பாயும் ஆடுகள் அன்று வாசலில் நின்றன. பிறகு இரண்டு பக்கமும் ஒதுங்கின. நடுவில் ஒரு ஆள் நடந்துபோகிற அகலத்துக்கு வழி விட்டு, தலையைத் தாழ்த்திக் காத்திருந்தன.

அந்த வழியில் யாரும் தெரியவில்லை. ஷாயிர்பெக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னான். வந்தவர் உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, பிறகு ஆடுகளை ஓட்டினான்.