லென்ஸ் தனி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. மழை நாள், பழைய புகைப்படம் என்று எதையாவது சொல்லி ஆரம்பித்தால் நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் வயிறு பற்றி எரியும்போது எனக்கு மழையைப் பற்றி எழுத வரவில்லை. யாருடைய வயிறு என்று இப்போதே கேட்காதீர்கள். சொல்கிறேன்.

முதலில் எழுதிய ஆரம்பம் இது:

"அவள் கேமரா வாங்கப் போனாள்."

சப்பென்று இருக்கிறது. அடித்துவிட்டு இன்னொன்று எழுதினேன்:

"பேராசை பிடித்த கண்களோடு அவள் அந்தக் கடைக்குள் நுழை—"

(வேண்டாம். அவள் கண்கள் அப்படிப்பட்டவை அல்ல. எட்டு வருடமாகப் பார்க்கிறேன்.)

மூன்றாவது முயற்சியில் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

2

மாடி வைத்த ஒரு வீடு. கீழே அண்ணன் குடும்பம், மேலே தம்பி குடும்பம். அண்ணன் மனைவி பெரியவள், தம்பி மனைவி சின்னவள். ஓரகத்திகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். பார்க்கிறவர்களுக்கு என்ன, பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பெரியவளுக்கு ஒரு மகள், ஒன்பது வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் சிட்டு. சின்னவளுக்கு ஏழு வயதில் ஒரு மகன். கன்னத்தைப் பார்த்து 'உருளை' என்று பேர் வைத்தது பெரியவள்தான். பெற்றவள் வைத்த பேர் பள்ளிக்கூடப் பதிவேட்டோடு நின்றுபோயிற்று.

பெரியவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். கடையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, தேய்க்கும் இயந்திரம், ஒரு குழாய், ஒரு மேசை விளக்கு. வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் அளவுக்குத் தேய்த்து, ஓரத்தை மழமழப்பாக்கி, சொடுக்கென்று பொருத்துவாள். கூட்டம் சேர்ந்துவிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து வியாபாரமும் பார்ப்பாள். வருகிறவர்கள் ஃப்ரேமில் தொங்கும் விலைச்சீட்டைப் பார்த்து அவ்வளவுதான் விலை என்று சந்தோஷப்படுவார்கள். "இது ஃப்ரேம் விலை மட்டும்தாங்க, லென்ஸ் தனி" என்று அவள் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை சொல்வாள். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவளிடம் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா இருந்தது. கல்யாணத்தின்போது அவள் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. வீட்டில் யாருக்கு என்ன விசேஷம் என்றாலும் படம் எடுப்பது அவள்தான்.*

வாசல் அறைச் சுவரில் ஆறு படங்கள் மாட்டியிருக்கின்றன. ஆறிலும் உருளை முன்னால் நிற்கிறான், கண்ணிமை முடியை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். ஆறிலும் அவனுக்குப் பின்னால் ஒரு பாவாடையின் நிறமும், தண்ணீரில் கரைந்த மாதிரி ஒரு முகமும் இருக்கின்றன. அதுதான் சிட்டு.

பெரியவள் ரொம்ப நாள் எதுவும் சொல்லவில்லை. போன மாதம் செருப்பு மாட்டும்போது சிட்டு நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அம்மா, நான் மட்டும் ஏன் எப்பவும் படத்துல அழிஞ்சு போயிருக்கேன்?"

பெரியவள் மகளின் செருப்பு வாரை இழுத்து மாட்டிவிட்டாள். "நாமளே ஒரு கேமரா வாங்கிடலாம்டி" என்றாள்.

* ஃபோனில் எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட அரங்கத்தில் கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்து, அரையிருட்டில், மேடையில் நிற்கும் பிள்ளையை ஃபோனில் எடுத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒரு பிள்ளை கிடைக்கும்.

3

இந்தப் பகுதி நடந்த இடத்தில் நான் இல்லை. கூடப் போயிருந்த சிட்டு நடித்தே காட்டியதை வைத்து எழுதுகிறேன். அவள் மிகைப்படுத்துகிறவள்தான், ஆனால் பொய் சொல்ல மாட்டாள். அம்மா மாதிரி. (இந்தக் கடைசி இரண்டு சொற்களை எழுத எனக்கு இஷ்டமே இல்லை.)

நேற்று மாலை, கேமராக் கடை. நாளை பள்ளிக்கூடத்தில் நாடகம். உருளை இளவரசன். சிட்டு வாயிற்காவலன், ஈட்டி பிடித்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குள் கேமரா கைக்கு வந்தாக வேண்டும்.

விற்பனையாளர் எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுகிறவர். சிட்டு அவருக்குத் 'தலையாட்டி' என்று அங்கேயே பேர் வைத்துவிட்டாள்.

"முதல் கேமராங்களா மேடம்?"

"ஆமாங்க. புதுசா பழகுறவங்க எடுக்கிற மாதிரி, விலை அடக்கமா காட்டுங்க. எனக்கு நூத்தெட்டு பட்டன் வேணாம். தூரத்துல நிக்கிற பிள்ளை தெளிவா விழுந்தா போதும்."

தலையாட்டி மூன்றை எடுத்து வைத்தார். முதலாவது நல்ல கேமராதான், ஆனால் கைப்பிடி ஒல்லி. பெரியவளின் சுண்டுவிரல் பிடிக்க இடமில்லாமல் அந்தரத்தில் நின்றது. இரண்டாவது, ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றது. "பத்தாயிரம் படம்கூட எடுக்கல மேடம், புதுசு மாதிரி." பெரியவள் அதன் லென்ஸைக் கழற்றச் சொன்னாள். குழல்விளக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திருப்பினாள்.

"உள்ள பூஞ்சை பிடிச்சிருக்கு பாருங்க. சிலந்தி நூல் மாதிரி."

தலையாட்டி பார்த்தார். பக்கத்துக் கவுண்டர்காரரும் எட்டிப் பார்த்தார். பெரியவளின் முகத்தில் அப்போது வந்த பெருமையைச் சிட்டு கன்னத்தை உப்பிக் காட்டினாள்.

மூன்றாவது, பலகையில் சலுகை விலை எழுதி வைத்திருந்த கேமரா. கைக்கு அடக்கம். முன்னால் மாட்டியிருந்த லென்ஸைப் பெரியவள் ஊதிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். குறை ஒன்றும் இல்லை.

"மேடம், இதுல லென்ஸ் வந்து—"

"லென்ஸைப் பத்தி எனக்கா சொல்றீங்க? பதினோரு வருஷமா அதுகூடத்தான் குடித்தனம் பண்றேன்."

"இல்ல மேடம், இந்த ஆஃபர்ல லென்ஸ்—"

"நான்தான் பார்த்துட்டேனே! கீறல் இல்ல, பூஞ்சை இல்ல. பில் போடுங்க தம்பி."

தலையாட்டி தலையாட்டினார்.

4

வீட்டுக்கு வந்து முத்திரையைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தார்கள். கேமரா இருந்தது. சார்ஜர் இருந்தது, தோளில் மாட்டும் பட்டை இருந்தது. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மூடி. மூடியைத் திருகினால் ஒரு துளை, அதற்குள் ஒரு குட்டிக் கண்ணாடி.

"லென்ஸ் எங்கம்மா?" என்றாள் சிட்டு.

பெரியவள் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு பில்லை எடுத்து நிதானமாகப் படித்தாள். 'பாடி மட்டும்' என்று பளிச்சென்று போட்டிருந்தது. கடைக்குப் பேசினாள்.

"நான் ரெண்டு தடவை சொல்ல வந்தேன் மேடம். டிஸ்ப்ளேல சும்மா மாட்டி வெச்சிருந்தோம். சீல் பிரிச்சுட்டா திருப்பி எடுக்க மாட்டோம். அது பாடி விலை மட்டும்தான் மேடம், லென்ஸ் தனி."

இந்த இடத்தில் அவள் உடைந்துபோய் அழுதாள் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கு இதமாகவும் இருந்தது. ஆனால் சிட்டு சொன்னது வேறு. அம்மா தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாளாம். "என் வசனத்தையே எனக்குத் திருப்பிச் சொல்லிட்டான்டி" என்றாளாம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டதாம். இன்னொரு லென்ஸ் வாங்க அவளிடம் வழியில்லை என்பது சிட்டுவுக்கே தெரிந்திருக்கிறது.

"நாடகத்துல நான் அழிஞ்சாலும் பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மாடியேறி என்னிடம் வந்துவிட்டது.

5

ஆமாம், என்னிடம்தான். சின்னவள் நான்தான். இவ்வளவு நேரம் சின்னவள், சின்னவள் என்று மூன்றாம் மனுஷி மாதிரி எழுதியதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. 'நான்' என்று எழுதியிருந்தால் உங்களுக்கு என்னை இரண்டாம் பகுதியிலேயே பிடிக்காமல் போயிருக்கும்.

என் பொறாமை என்னவென்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நகை நட்டு எதுவும் இல்லை. என் மகன் காய்ச்சலில் 'பெரியம்மா' என்று முனகினான், அம்மா என்று இல்லை. நான் ஊட்டினால் தலையைத் திருப்புகிறவன் அவள் கையால் கிண்ணத்தை வழித்துத் தின்கிறான். மாமியார் பொத்தான் தைக்கக்கூட அவளைத்தான் கூப்பிடுவார். என் கணவரே "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்பார். அவள் இதில் எதையும் தட்டிப் பறிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பறித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது கேமரா ஒன்றுதான். "சின்னவ எடுத்தா தனி" என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் மட்டும் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். இப்போது அதையும் அவள் வாங்கப் போகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு—

(இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்துப் பார்த்தேன். ஒன்றும் சரியில்லை. விடுங்கள்.)

அந்த ஆறு படங்களுக்கு வருகிறேன். முதல் படம் தற்செயல். கேமரா முன்னால் இருந்த முகத்தைத் தானாகப் பிடித்துக்கொண்டது, பின்னால் இருந்தவள் மங்கிவிட்டாள். எல்லோரும் ஆகா என்றார்கள். பெரியவள் மட்டும் பின்னால் இருந்த மங்கலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் முகம் வாடியது. அதைப் பார்த்தபோது எனக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி.

அடுத்த ஐந்து படங்கள் தற்செயல் இல்லை.

அதற்கென்றே ஒரு லென்ஸ் வாங்கினேன். வாய் அகலமான லென்ஸ். ஒருவரைத் தெளிவாக வைத்துப் பின்னால் இருப்பவரை வெண்ணெய் மாதிரி உருக்கிவிடும். கேமராவோடு வந்த பழைய லென்ஸ் இரண்டு வருடமாக அலமாரியில் சும்மா கிடக்கிறது. பெரியவள் வாங்கியிருப்பதும் நான் வைத்திருக்கும் அதே கம்பெனி கேமராதான். அந்த லென்ஸ் அதில் சொடுக்கென்று உட்காரும்.

நேற்று சிட்டு வந்து நடந்ததைச் சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த லென்ஸ்தான். அடுத்த நொடி வந்தது சந்தோஷம். ஒன்பது வயதுப் பிள்ளை எதிரில் நின்றுகொண்டிருக்கிறது, எனக்குச் சந்தோஷம். அவளுக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, இன்று மத்தியானத்திலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

6

முடிவுகளுக்கு வருவோம். இரண்டு வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: சின்னவள் லென்ஸை எடுத்துக்கொண்டு கீழே இறங்குகிறாள். "அக்கா, இது சும்மாதான் கிடக்கு" என்கிறாள். இருவரும் கட்டிப்பிடித்து—

(இல்லை. நாங்கள் இதுவரை கட்டிப்பிடித்ததே இல்லை. இது கதைக்காகச் செய்வது.)

இரண்டாவது முடிவு: பெரியவள் மேலே வந்து கேட்கிறாள். சின்னவள், "ஐயோ அக்கா, அதுல பூஞ்சை பிடிச்சிருச்சே" என்கிறாள். பெரியவள் நம்பிக்கொண்டு இறங்கிப் போகிறாள்.

இது கதைக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரே சிக்கல், லென்ஸைக் காட்டு என்று அவள் கேட்டுவிட்டால் நான் தொலைந்தேன். ஆகவே அவளுக்குக் கேட்கத் தோன்றாத மாதிரி அந்த வரியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

7

வந்தது பெரியவள்தான். நோட்டைக் கவிழ்த்து வைத்தேன்.

"எழுதிட்டிருக்கியா?"

"சும்மாதான் அக்கா. உக்காருங்க."

உட்காரவில்லை. கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மேசை மேல் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து முந்தானை ஓரத்தால் துடைத்தாள். எப்போது வந்தாலும் இதைச் செய்வாள், அவளுக்கே தெரியாது.

"நாளைக்கு நாடகத்துல உருளை முன்னாடி நிப்பான். சிட்டு அவனுக்குப் பின்னாடி. ஒரே ஒரு படம், அவ முகமும் தெரியுற மாதிரி எடுத்துக் குடுக்கிறியா?"

"எப்பவும் எடுக்கிறேனே அக்கா."

"எடுக்கிறே." கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எனக்கு லென்ஸ் தெரியும்மா. தானா மங்குறது எது, மங்க வைக்கிறது எதுன்னு பார்த்தாலே தெரியும். ஆறு படத்தையும் தினம் பார்த்துட்டுத்தானே வேலைக்குப் போறேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! கண்ணாடியை அதன் இடத்திலேயே வைத்தாள்.

"எம்மேல என்ன வருத்தம்னு எனக்குத் தெரியல. இருந்தா எங்கிட்டயே காட்டிக்கோ. பிள்ளை எதுக்கு?"

அவள் போகவில்லை, பதிலுக்காக நிற்கிறாள். நான் நோட்டைத் திருப்பி மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதுவதைப் பார்த்தால் ஏதோ யோசிக்கிறேன் என்று நினைப்பாள். எழுதிக்கொண்டிருக்கும்வரை நான் பதில் சொல்ல வேண்டாம், எழுதிக்கொண்டிருக்கும்வரை அவளும் நிற்பாள். காலையிலிருந்து கடையில் நின்றே வேலை பார்த்த கால்கள் அவை.

இப்படியே எத்தனை வரி ஓட்டுவது? முடிவு எழுத எனக்கு வரவில்லை. கை மட்டும் எழுந்து போய் ஒரு பொருளை எடுத்துவிட்டால் போதும், வாய் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்தக் கை பேனாவை விட மாட்டேன் என்கிறது.

உங்கள் கை சும்மாதானே இருக்கிறது? அலமாரி எனக்குப் பின்னால். இரண்டாவது தட்டு, இடது ஓரம், நீலத் துணிப்பைக்குள் இருக்கிறது. பூட்டவில்லை.