ஒன்பது புது இதழ்கள்

காட்சியகத்தில் அவளை எல்லோரும் கண்ணாடி டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய வண்ணக் கண்ணாடிப் பொருள்களைப் பழுது பார்ப்பது அவள் வேலை. அவற்றைப் பற்றி எழுதிப் பட்டியலிடுவது காப்பாளரான அவள் கணவன் வேலை. அவள் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அதனால் அவள் குறிப்புகளை அவன்தான் தட்டச்சு செய்வான். அவள் படிக்காமலே கையெழுத்துப் போடுவாள். பதினோரு வருட வழக்கம். "உன் எழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள்னுதான் உங்கப்பா எனக்குப் பொண்ணு குடுத்தார்" என்று கேலி செய்வான்.

அன்று காலை புதிய பட்டியல் நூல் அச்சாகி வந்தது. அட்டையில் அல்லி விளக்கு. நூறு வயது தாண்டிய மேசை விளக்கு. குடை முழுக்க ஈயத்தால் இணைத்த கண்ணாடி இதழ்கள். தாலாட்டுப் பாடாத குறையாக நாலு மாதம் அதைப் பழுது பார்த்திருந்தாள். ஆசையாகப் பக்கத்தைப் புரட்டினாள். 'இதழ்கள் அனைத்தும் அசலே' என்றிருந்தது. பரிசோதித்துச் சான்றளித்தவர் என்று கீழே அவள் பெயர்.

நொறுங்கிப்போன ஒன்பது இதழ்களுக்குப் பதிலாகப் புதிதாக வெட்டிப் பொருத்தியவளே அவள்தான். எவை எவை என்று படம் போட்டும் கொடுத்திருந்தாள். கோப்பை எடுத்துப் பார்த்தாள். படத்தைக் காணோம். அவன் தட்டச்சு செய்த அறிக்கையிலும் அதே வரி. அடியில் கையெழுத்து மட்டும் அவளுடையதேதான். ஒரு நாள் காலை, பல் துலக்கிக்கொண்டே போட்டது.

அவனிடம் போய்க் கேட்டாள். அவன் மறைக்கவில்லை. புது இதழ் சேர்ந்த விளக்கை வெளிநாட்டுக் கண்காட்சிக்கு எடுக்க மாட்டார்களாம். இது அங்கே போனால் தலைமைக் காப்பாளர் பதவி அவனுக்குத்தானாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அவள் வேலை சுத்தம் என்று பெருமைப்படவும் செய்தான். மதியம் விளக்கைப் பார்க்க அந்தக் கண்காட்சிக்காரர் வரும்போது அவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதுமாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒத்துக்க மாட்டே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் செய்திருக்கிறான். தெரியாமல் செய்திருந்தால் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பாள்.

கண்காட்சிக்காரர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நூலில் இருப்பது உங்கள் பெயர்தானா என்று அவளிடம் மரியாதையாக விசாரித்தார். பின்னால் கணவன் தொண்டையைச் செருமினான்.

"பேர் என்னோடதுதான் சார். அந்த வரி என்னோடது இல்ல."

விளக்கை ஏற்றி, ஒன்பது இதழ்களையும் விரல் வைத்துக் காட்டினாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டது தன் தப்பு என்றும் சொன்னாள். கணவனைப் பற்றி மூச்சு விடவில்லை. விடத் தேவையும் இருக்கவில்லை.

அவர் போனதும் அவன் நாற்காலியில் சரிந்தான்.

"கட்டின புருஷனையே காட்டிக் குடுத்துட்டே."

"உங்களுக்குப் பதவிதாங்க போச்சு. எனக்கு இனிமே யாரை நம்பறதுன்னே தெரியல."

சாயங்காலம் வழக்கம்போல் வண்டியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான். அவள் பின்வாசல் வழியாக இறங்கி, அக்கா வீட்டுப் பக்கம் போகும் பேருந்துக்காக நின்றாள். ஹாரன் சத்தம் இரண்டு தடவை கேட்டது.