மடக்குத் துப்பாக்கிக்கு ஐந்து நட்சத்திரம்

வெளியே சடசடவென்று கண்ணாடி நொறுங்கியது.

காபியை உதட்டுக்குக் கொண்டுபோன வெர்லின் ஸ்டப்ஸின் கை பாதியில் நின்றது. கடைக் கண்ணாடி இல்லை, வண்டிக் கண்ணாடி. முப்பது வருடமாக இடாஹோ நெடுஞ்சாலையில் நசுங்கிய வண்டிகளை இழுத்துப் பிழைப்பவர். எந்தக் கண்ணாடி எப்படி உடையும் என்று அவருக்குத் தெரியாதா? அதுவும் சத்தம் வந்தது பக்கவாட்டுச் சுவர் ஓரத்திலிருந்து. அங்கே நிற்பது ஒரே வண்டி. அவருடைய இழுவை வண்டி.

அந்த நிமிடம் வரை மூலை மேஜையில் நடந்துகொண்டிருந்தது வேறு சண்டை.

காலை பத்து மணி. உருளைக்கிழங்கு லாரிகள் போய்விட்டன. பெட்ரோல் பங்கோடு சேர்ந்த அந்தச் சின்னக் கடையில் வெர்லினும், கல்லாவில் அவர் மனைவி லவானும், எதிர் நாற்காலியில் கோர்டியும் மட்டும்தான். கோர்டிக்கு எழுபத்தொன்று. குதிரைகளுக்கு லாடம் அடித்து அடித்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. வாய் மட்டும் இன்னும் போகவில்லை.

"உன் மடக்குத் துப்பாக்கியைப் பத்தி நீ நெட்டுல எழுதினதைப் படிச்சேன்டா," என்றார் கோர்டி. "அஞ்சு நட்சத்திரம்! நொண்டிக் குதிரையை விக்கிறவன்கூட இப்படிப் புளுக மாட்டான்."

"எதுய்யா புளுகு? நாலு பவுண்டு சொச்சம்தான் எடை. நடுவுல மடக்கினா ஸ்கூல் பைக்குள்ள அடங்குது. விரிக்க மூணு செகண்டு. என் இடுப்புல இருக்கிற பிஸ்டலோட குண்டு அடைக்கிற மேகசினே அதுக்கும் பொருந்துது. வேற என்ன வேணும் உனக்கு?"

"துப்பாக்கி வேணும். அது பிளாஸ்டிக் பொம்மை. விசையை இழுத்தா ஸ்டேப்ளர் அமுக்கற மாதிரி இருக்கு. கன்னத்தை வெச்சா தாடி மயிரைப் பிடுங்குது. மேல குறிபார்க்கிற லென்ஸ் மாட்டினா மடங்க மாட்டேங்குது, லென்ஸைக் கழட்டினா எனக்குக் கண்ணு தெரியல. இதுக்கு அஞ்சா?"

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? தாடியைச் சிரைச்சுக்க."

கல்லாவிலிருந்து லவான் நிமிராமலே சொன்னாள்: "மடக்கறப்ப விரலைக் கடிக்குது. அதை எழுதினியா?"

"உன்கிட்ட யாரு கேட்டா?"

"‘என் மனைவியும் சுடுகிறாள்’னு என் பேரை இழுத்திருக்கியே. நான் மூணு நட்சத்திரம்தான் குடுப்பேன்."

கோர்டி சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரிடா, அது போகட்டும். ‘கையில் கிடைக்கும் எந்த மேகசினைப் போட்டாலும் சிக்காது’ன்னு எழுதியிருக்கியே, அது அடுக்குமா? போன மாசம் சரளைக் குழியில சுட்டுப் பழகறப்ப என் கண்ணு முன்னாடி எத்தனை தடவை சிக்கிச்சு?"

"துப்பாக்கி மேல தப்பில்லை. அந்த நீள மேகசின் கல்லு மேல விழுந்து வாய் வளைஞ்சுபோச்சு. முதல் குண்டு போகும், ரெண்டாவது குண்டு மூக்கைக் குத்திக்கிட்டு நிக்கும். அதான் சிவப்பு டேப் சுத்தி ஒதுக்கிட்டேனே."

சுடுகிறவர்களிடையே அது ஒரு பழக்கம். கெட்டுப்போன மேகசினின் அடிப்பாகத்தில் சிவப்பு டேப் சுற்றிவிடுவார்கள். பயிற்சிக்கு மட்டும்தான், உயிரை நம்பி இதைப் போடாதே என்று அர்த்தம். நல்லதும் கெட்டதும் கலந்துவிடக் கூடாதே!

"தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"முப்பத்துமூணு குண்டு பிடிக்கும்யா. நெட்டுல போட்ட போட்டோல எவ்வளவு கம்பீரமா இருந்துச்சு பாத்தியா?"

கண்ணாடி நொறுங்கியது அப்போதுதான்.

வெர்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கை தானாக இடுப்புக்குப் போனது. கதவை எட்ட நாலு எட்டு வைத்திருப்பார். அதற்குள் கதவு அவரைப் பார்த்துத் திறந்தது.

முகத்தில் பச்சைத் துணி கட்டிய ஒல்லியான ஒருவன். கையில் மடக்குத் துப்பாக்கி. அதன் கட்டையில் லவான் ஒட்டிய மீன் ஸ்டிக்கர்கூட இருந்தது. வெர்லினின் துப்பாக்கியேதான்.

மூன்று நொடியில் விரிக்கலாம் என்று எழுதியவருக்குத் தன் இடுப்புத் துப்பாக்கியை உருவ அந்த மூன்று நொடி கிடைக்கவில்லை.

"கையைத் தூக்கு! இடுப்புல இருக்கிறதை ரெண்டு விரலால எடு. எடுத்துக் கீழே வை. காலால தள்ளு!"

சட்டைக்குள் மறைந்திருந்த பிஸ்டல் இவனுக்கு எப்படித் தெரியும்? யோசிக்க நேரமில்லை. துப்பாக்கி வாய் அவர் மார்புக்கு நேராக இல்லை, கல்லாவில் நின்ற லவானின் முகத்துக்கு நேராக இருந்தது. வெர்லின் பிஸ்டலை எடுத்துத் தரையில் வைத்து உதைத்தார். அது சறுக்கிக்கொண்டு போய்க் குளிர்பானப் பெட்டிக்கு அடியில் நுழைந்தது.

"பெருசு, நீ கவுந்து படு!"

"முழங்கால் மடங்காதுடா," என்றார் கோர்டி.

அவன் அவரது முழங்காலிலேயே உதைத்தான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கோர்டி மேஜையோடு சேர்ந்து சரிந்தார். காபி தரையெங்கும் ஓடியது.

"சேஃபைத் திற," என்றான் லவானிடம்.

"திறக்கிற நம்பரை அழுத்தினா பத்து நிமிஷம் கழிச்சுத்தான் திறக்கும். கம்பெனி அப்படி வெச்சிருக்கு. போர்டுல எழுதியிருக்கு, பாருங்க."

"என்னை முட்டாள்னு நினைச்சியா?"

துப்பாக்கிக் குழலைச் சுழற்றி அவள் கன்னத்தில் அறைந்தான். லவான் சிகரெட் அலமாரியில் மோதி விழுந்து, அதைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள். புருவம் கிழிந்து ஒரு கண் முழுக்க ரத்தம். வாயிலிருந்து ஒரு பல் கல்லாமேல் விழுந்து உருண்டது.

வெர்லின் ஓரடி எடுத்து வைத்தார். குழல் அவர் பக்கம் திரும்பி, மறுபடி அவள் நெற்றிக்குப் போனது.

"நகர்ந்தா இவ செத்தா. இருபது எண்ணுவேன். அதுக்குள்ள சேஃப் திறக்கணும்."

"திறக்காதுடா! கடவுள் வந்து அழுத்தினாலும் திறக்காது!" என்று கத்தினாள் லவான்.

"ஒண்ணு... ரெண்டு..."

அவன் கண்களைப் பார்த்தார் வெர்லின். ஊசிமுனை மாதிரிச் சுருங்கிய கருமணிகள், இமைக்கவே இல்லை. போதையில் ஓட்டி நொறுங்கிய வண்டிகளுக்குள் இந்த மாதிரிக் கண்களை அவர் பார்த்திருக்கிறார். இவன் எண்ணி முடிப்பான். முடித்ததும் சுடுவான். முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளின் மூளை அந்த சிகரெட் அட்டைகள்மேல் தெறிக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறார் அவர்.

"ஏழு... எட்டு..."

தரையிலிருந்து கோர்டி முனகினார். வெர்லின் குனிந்து பார்த்தார். கிழவரின் முகம் வலியில் சாம்பலாகியிருந்தது, ஆனால் கண்கள் மேலே எதையோ குத்திட்டுப் பார்த்தன. அவை காட்டிய இடத்துக்கு வெர்லினின் பார்வையும் போனது.

துப்பாக்கியின் பிடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த நீள மேகசின். அதன் அடியில் சிவப்பு டேப்.

போட்டோவுக்காகச் செருகியது. எடுத்த பிறகு நல்லதை மாற்றிப் பையில் வைக்க வேண்டும் என்று நினைத்தார். மாற்றவில்லை. ஒரு வாரமாக, உயிரைக் காக்கும் என்று ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு, கெட்ட மேகசினோடு சுற்றியிருக்கிறார்!

முதல் குண்டு போகும். ரெண்டாவது சிக்கும். சரளைக் குழியில் ஐம்பது தடவை பார்த்தது. ஐம்பதில் நாலு தடவை ரெண்டாவதும் போனது, மூன்றாவதுதான் சிக்கியது. அதுவும் நினைவுக்கு வந்தது.

எப்படியும் ஒரு குண்டு வெளியே வரும். அது லவானுக்கு என்று இருக்கக் கூடாது.

"பதிமூணு... பதினாலு..."

"டேய் புழுக்கைப் பயலே!" என்றார் வெர்லின்.

குழல் அசையவில்லை. "பதினஞ்சு."

"பொம்பளை பல்லைத் தட்டறதுக்குத் துப்பாக்கி எதுக்குடா? அதைப் பிடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாரு, மண்வெட்டி பிடிச்ச மாதிரி! விசை எங்க இருக்குன்னாவது தெரியுமா?"

"வெர்லின், வேண்டாம்!" லவான் அலறினாள்.

"இவனால சுட முடியாது லவான். கால்சட்டை நனைஞ்சிருக்கு பாரு."

அவன் கண்கள் ஒரு நொடி கீழே போயின. அந்த ஒரு நொடி வெர்லினுக்குப் போதும். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நேராக அவனை நோக்கி நடந்தார். ஓடவில்லை. ஓடினால் பயந்து லவானைச் சுட்டுவிடுவான். நடந்தால் கோபம் வரும்.

வந்தது. குழல் திரும்பியது.

வெடித்தது.

இடது தோளுக்குக் கீழே யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி இருந்தது. கை தோளிலிருந்து செத்துத் தொங்கியது. ரொட்டி அடுக்கில் மோதினார், விழவில்லை. சட்டை சூடாக நனைந்தது. காதுக்குள் ஒரே ரீங்காரம்.

அவன் மறுபடி விசையை இழுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

குனிந்து துப்பாக்கியைப் பார்த்தான். விசையை இன்னும் இரண்டு தடவை இழுத்தான். அதை உலுக்கினான், கடையில் வாங்கிய பொம்மை வேலை செய்யாவிட்டால் உலுக்குவது போல.

வெர்லின் நல்ல கையால் கண்ணாடிக் காபிச் சட்டியை அடுப்பிலிருந்து பிடுங்கி அவன் முகத்தில் அடித்தார். சட்டி சில்லுசில்லாக உடைந்தது. கொதிக்கும் காபி பச்சைத் துணியோடு சேர்ந்து தோலில் ஒட்டியது. அவன் போட்ட கூச்சல் மனிதக் கூச்சலாகவே இல்லை. கண் தெரியாமல் துப்பாக்கியைச் சுழற்றினான். அது வெர்லினின் காயத்திலேயே பட, அவருக்குக் கடை முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. முழங்காலில் விழுந்தார். அவன் அவர் தலைக்கு மேலே துப்பாக்கிக் கட்டையை ஓங்கினான்.

தரையில் கிடந்த கோர்டி ஊர்ந்து வந்து அவன் கணுக்காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். ஐம்பது வருடம் குதிரைக் காலைப் பிடித்த கைகள். அவன் உதறினான், மிதித்தான். கிழவரின் மூக்கு உடைந்தது. பிடி விடவில்லை.

"லவான்! அடி! சீக்கிரம் அடி!"

லாரிக்காரர்கள் டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் தடிகள் கல்லா ஓரத்தில் விற்பனைக்கு அடுக்கியிருந்தன. கருங்காலி மாதிரிக் கனமான கட்டை, நுனியில் ஈயம். லவான் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். விலைச்சீட்டுகூடத் தொங்கியது.

முதல் அடி அவன் முழங்கையில். துப்பாக்கி தரையில் விழுந்தது. இரண்டாவது தோள்பட்டையில். எலும்பு உடைந்து கை ஒரு பக்கமாகத் தொங்கியது. அவன் விழுந்தான். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது அடிகளுக்கு அவள் குறி பார்க்கவில்லை.

"போதும்மா," என்றார் வெர்லின். "செத்துருவான்."

"சாகட்டும்!"

ஆனாலும் நிறுத்தினாள். தடி கையிலிருந்து நழுவியது. கல்லாத் துணியைச் சுருட்டி வெர்லினின் தோளில் திணித்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே மறு கையால் போலீசுக்குப் போன் போட்டாள். "ஷெரிப் வரப் பதினஞ்சு நிமிஷமாம்," என்றாள். உடைந்த பல் வழியாக வார்த்தை விசிலடித்தது.

கோர்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கிடந்த துப்பாக்கியைக் காலால் தன் பக்கம் இழுத்தார். மேகசினைக் கழற்றிப் பார்த்தார். இரண்டாவது குண்டு மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

"நல்ல துப்பாக்கிடா வெர்லின்," என்றார் மூக்கைப் பிடித்துக்கொண்டு. "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்."

வெர்லினுக்குச் சிரிக்க வந்தது, வலி விடவில்லை. தரையில் கிடந்தவனைப் பார்த்தார். பச்சைத் துணி விலகியிருந்தது. முன்பின் பார்த்திராத முகம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பாதி முகம் கொப்பளித்து, மீதிப் பாதி ரத்தமாக இருந்தது.

"யாருடா நீ? வண்டியில சீட்டுக்குப் பின்னாடி இது இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்? என் இடுப்புல பிஸ்டல் இருக்கிறதை யாரு சொன்னா?"

அவன் கோர்டியின் கையிலிருந்த மேகசினையே வெறித்துப் பார்த்தான்.

"இவன் ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவனா இருக்கும். அவங்களுக்குக் கடையில துப்பாக்கி விக்க மாட்டாங்க," என்றார் கோர்டி. "அதான் உன்னோடதை எடுத்திருக்கான். ஆனா இந்த வண்டிதான்னு யாரு காட்டினா? சொல்லுடா!"

லவான் மெதுவாகக் கணவனின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "வெர்லின்... அந்த போட்டோவை எங்க நின்னு எடுத்தே?"

அந்தப் படம் வெர்லினின் கண்முன் வந்தது. வண்டி முகப்பின்மேல் துப்பாக்கி. அருகில் பை. பின்னால் கடையின் பெயர்ப் பலகை, எழுத்து எழுத்தாக. கீழே அவரே தட்டியது: ‘பிஸ்டல் இடுப்பில், இது வண்டி சீட்டுக்குப் பின்னால். எங்கள் கடைக்குக் காபி குடிக்க வாருங்கள்.’

தரையில் கிடந்தவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னான்:

"எந்த மேகசினைப் போட்டாலும் சிக்காதுன்னு எழுதியிருந்தியேய்யா! அதுக்குக் கீழே பதினாலு பேரு ‘பயனுள்ள கருத்து’ன்னு அழுத்தியிருந்தாங்களே... அதுல ஒருத்தன் நான்."