முலாம் குண்டும் பஞ்சுமிட்டாய்க் குண்டும்

சுட்ட குறியட்டையை யாரும் பார்ப்பதற்குள் கிளிப்பிலிருந்து உருவி, நான்காக மடித்து, குளிர்கோட்டின் உள்பைக்குள் தள்ளிக்கொண்டார் வெர்லின் ஆப்சால். கிறிஸ்துமஸுக்கு முன்பிருந்தே இந்தத் திருட்டுத்தனம் நடந்துகொண்டிருக்கிறது.

குண்டு போன ஓட்டை வட்டமாக இருக்கவேண்டும், காகிதம் குத்தும் கருவியால் குத்தியதுபோல. வெர்லினுடைய அட்டையில் பாதி ஓட்டைகள் சாவித்துவாரம் மாதிரி நீளவாக்கில் கிழிந்திருந்தன. மூக்கை நீட்டிக்கொண்டு போகவேண்டிய குண்டு, நடுவழியில் தலை சுற்றி, விலாவால் போய் மோதியிருக்கிறது என்று அர்த்தம். நேற்றுத் தோட்டா நிரப்பக் கற்றவனுக்கு இப்படி நேர்ந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுக் காரணம் சொல்லிக்கொடுப்பார்கள். கழகத் தலைவரான அவருக்கு நேர்ந்தால் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

வடக்கு டகோட்டாவின் அந்தச் சிற்றூரில் குளிர்காலத்துக்கு இரண்டே போக்கிடம்தான்: தேவாலயம், இல்லையென்றால் பழைய உருளைக்கிழங்குக் கிடங்கில் நடக்கும் கைத்துப்பாக்கிக் கழகம். கழகத்தில் செவ்வாய்தோறும் போட்டி. கடையில் தோட்டா வாங்கிவருகிறவனைச் சுடுநீர் வைக்கத் தெரியாதவனைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார்கள். வெற்றுக்கூடுகளைப் பொறுக்கி, கழுவி, மருந்தளந்து, குண்டு பொருத்தித் தானே தயாரித்துக்கொண்டால்தான் ஆள் என்று பெயர்.

வெர்லின் முப்பது வருஷம் அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர். அதாவது, தண்டனை கொடுக்கும் வேலை. அவர் குரல் தாழ்வாரத்தில் கேட்டால் லாக்கர் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே அவர்தான். ஓய்வு பெற்றபிறகு அந்தக் குரலுக்கு வேலையில்லாமல் போயிற்று. வீட்டில் அவர் ஏதாவது சொன்னால் மனைவி டோரிஸ் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாள். மிச்சமிருந்தது கழகம் ஒன்றுதான். சுடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று "நிரப்பு" என்றால் நிரப்பினார்கள். "நிறுத்து" என்றால் நிறுத்தினார்கள். கையில் ஆயுதம் வைத்திருக்கும் பன்னிரண்டு பேர் ஒரே சொல்லுக்குக் கட்டுப்படுவது என்பது, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும், ராஜபோகம்.

அந்த ராஜபோகத்தில் மண்ணள்ளிப் போடப் பிறந்தவன் ஓரின் ஷ்மால்ட்ஸ். டிராக்டர் விற்கிறவன், டிராக்டரைவிடச் சத்தம் போடுகிறவன். எட்டாம் வகுப்பில் வெர்லினால் பள்ளியிலிருந்து ஒரு வாரம் துரத்தப்பட்டவன், இன்றுவரை அதை மறக்கவில்லை. அவன் ஈயத்தை உருக்கி வார்த்து, சாயப்பொடியில் உருட்டி, கார் கொட்டகையில் ஒரு பழைய ரொட்டி அடுப்பில் சுட்டெடுப்பான். மகளின் சைக்கிளுக்கு அடித்ததுபோக மிஞ்சிய பொடி என்பதால் குண்டுகள் பஞ்சுமிட்டாய் ரோஸில் இருக்கும். பார்க்கச் சிரிப்பு வரும். சுட்டால் புகை வரும். கிடங்கில் புகையை வெளியே தள்ளும் காற்றாடி கிழடு. மூன்றாம் சுற்றுக்குள் எல்லோருக்கும் கண் எரியும்.

எனவே வெர்லின் நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்: இனிக் கூரைக்குக் கீழே செம்புமுலாம் பூசிய குண்டுக்கு மட்டுமே அனுமதி, வருடக் கூட்டத்தில் தீர்மானம் வரும். அறிவித்த கையோடு முன்னுதாரணமாக இருக்கவேண்டுமே என்று, காலங்காலமாகத் தான் சுட்டுவந்த கெட்டிச் செம்பு உறைக் குண்டை விட்டு முலாம் குண்டுக்கு மாறினார். அன்றிலிருந்துதான் சாவித்துவாரம்.

பின்வாங்கினால் ஓரின் ஊரெல்லாம் தமுக்கடிப்பான். வெர்லின் பின்வாங்கவில்லை. மடித்தார், செருகினார், தீர்மானத்துக்கு முன்னுரை எழுதினார்.

வருடக் கூட்டத்தன்று ஹாட்டிஷ் வந்திருந்தது; இறைச்சிக்கும் பீன்ஸுக்கும் மேல் உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்கி வேகவைத்த பெருந்தட்டு. எல்லோரும் காகிதத் தட்டில் அள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெர்லின் எழுந்து, பள்ளி விழாவில் பேசுவதுபோலத் தொண்டையைக் கனைத்தார்.

"நண்பர்களே, நாகரிகம் என்பது என்ன? தனிமனிதன் தன் புகையைத் தானே..."

"வெர்லின், ஹாட்டிஷ் ஆறுது" என்றாள் மார்லிஸ் ட்வேடன். கழகத்தின் செயலாளர், பகலில் பல் மருத்துவரிடம் வேலை. வாயைத் திறந்துகொண்டிருப்பவர்களிடம் பரிதாபம் காட்டாத பழக்கம் அங்கிருந்து வந்தது. "முலாம்தான் வேணுங்கறே. சரி. ஏன்னு சுருக்கமா சொல்லு."

சுருக்கம் வெர்லினுக்கு வராது. ஈயத்தின் தீமை, நுரையீரலின் மென்மை, ரோமாபுரியின் வீழ்ச்சி எல்லாம் வந்தன. கடைசியில், "முலாம் குண்டு என்பது கெட்டி உறைக் குண்டுதான், விலைதான் குறைவு. அதே ஒழுக்கம், அதே நேர்மை. ரொட்டி அடுப்பில் வெந்த மிட்டாயோடு ஒப்பிடவே கூடாது" என்று முடித்தார்.

ஓரின் தட்டைக் கீழே வைத்தான்.

"ஆப்சால் சார், ஒரு சந்தேகம். கேக்கலாமா, இல்ல கையத் தூக்கணுமா?"

"கேள்."

"எல்லாரும் சுட்ட அட்டையச் சுவத்துல மாட்டறோம். நீங்க மட்டும் மடிச்சுக் கோட்டுக்குள்ள வெக்கறீங்களே, வீட்டுல அடுப்பு பத்த வெக்கவா?"

சிரிப்பு. வெர்லினின் கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.

"அது என் சொந்த ஆய்வு."

"ஆய்வா. அப்ப எங்களுக்கும் காட்டுங்க. இதோ சுடற தடம் காலி. அஞ்சே அஞ்சு குண்டு. உங்க ஒழுக்கமான குண்டு நேராப் போச்சுன்னா, என் மிட்டாயெல்லாம் நானே ஆத்துல கொட்டறேன்."

"ஆறு உறைஞ்சு கிடக்குடா" என்றார் ஒருவர்.

"அப்ப வசந்தத்துல கொட்டறேன்."

எல்லோரும் தட்டோடு எழுந்துவிட்டார்கள். தப்பிக்க வழி தேடினார் வெர்லின். இன்று துப்பாக்கி கொண்டுவரவில்லை என்று சொல்லலாம். அது இடுப்பில் இருந்தது. தோட்டா இல்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் மார்லிஸ் தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். "என்னோடத எடுத்துக்கோ. நானும் முலாம்தான். ரெண்டு வருஷமா ஒண்ணும் கவுந்ததில்ல."

மனத்துக்குள் வெர்லின் அவள் காலில் விழுந்தார். கையை நீட்டவும் செய்தார். நீட்டிய கைக்கு நேர் மேலே சுவரில், சிவப்பு எழுத்தில், பலகை: பிறர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே. கழகத்தில் யாரும் மீறாத வழக்கம் அது. அடுத்தவன் அளந்த மருந்தை நம்பிக் கையில் வெடிக்க விடுவதும், அடுத்தவன் பல்துலக்கியை வாயில் வைப்பதும் ஒன்று என்பார்கள். பலகையை எழுதியவர் வெர்லின். அதன்படி ஒருவரை ஒரு பருவம் முழுக்க வெளியே நிறுத்தியவரும் அவரே.

"எடுத்துக்குங்க சார். பலகை எங்களுக்குத்தானே" என்றான் ஓரின்.

வெர்லின் கையை மடக்கிக்கொண்டார். பாதிக் குண்டு நேராகத்தான் போகிறது. அந்தப் பாதி இன்று வரட்டும் என்று மனத்துக்குள் ஒரு லூத்தரன் பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு, தன் பெட்டியைத் திறந்தார்.

முதல் ஓட்டை வட்டம். "பாத்தியா" என்று அவர் திரும்பிச் சொல்லியும் விட்டார். சொல்லியிருக்கவேண்டாம். இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது இன்னும் நீளமாகக் கிழிந்தது. நான்காவது அட்டையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போயிற்று. ஐந்தாவது எங்கே போனதென்று தேடினார்கள்; கிடைக்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"துப்பாக்கிக் குழாய் தேஞ்சுபோச்சு" என்றார் வெர்லின்.

"குழாயா? குடுங்க இங்க." ஓரின் அவர் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தான். கூட்டிலிருந்து குண்டைக் கழற்றும் பிளாஸ்டிக் சுத்தியல் மேசையில் கிடந்தது. தோட்டாவை அதன் தலைக்குள் திருகி, மரக்கட்டையில் டொக், டொக் என்று அடித்தான். குண்டு கழன்று விழுந்தது. உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினான், கல்யாணத்துக்கு வாங்கிய மோதிரத்தைக் காட்டுவதுபோல.

குண்டின் இடுப்பைச் சுற்றி ஆழமாக ஒரு வெட்டு. செம்புத் தோல் பிளந்து உள்ளே ஈயம் சாம்பலாகத் தெரிந்தது. நகத்தால் கிள்ளினான், தோல் சுருண்டு வந்தது.

மார்லிஸ் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "கூட்டோட வாய இவ்வளவு இறுக்கினயா? பழைய கெட்டி உறைக்கு வெச்ச இறுக்கம், அப்படியே விட்டுட்ட. அதுக்குத் தோல் தடிமன், தாங்கும். இது முட்டைக்குள்ள இருக்கற சவ்வு மாதிரி, வெர்லின். அறுந்துபோச்சுன்னா வழியிலயே அவுந்து தலகீழாப் போகும்."

"இறுக்கமில்லாட்டா குண்டு நகரும்" என்றார் வெர்லின். "ஒழுங்குன்னா இறுக்கம்தான்."

"எங்களையும் அப்படித்தானே இறுக்கினீங்க" என்றான் ஓரின். "பாதிப் பேர் கவுந்துட்டோம்."

இப்போது சிரித்தார்கள்.

ஓட்டெடுப்பு நடந்தது. வேடிக்கை என்னவென்றால் தீர்மானம் வென்றது. வெர்லினுக்காக அல்ல, எல்லோருக்கும் கண் எரிந்தது, அவ்வளவுதான். ஓரினின் முகம் அவன் குண்டின் நிறத்துக்கு வந்தது. அடுப்பில் ஒரு வாளி நிறையக் குண்டு வேகவைத்து வைத்திருந்தான்.

"சரி, நான் மிட்டாயை விடறேன். ஆனா சட்டம்னா எல்லாருக்கும் சட்டம். தோட்டா நிரப்பத் தெரியாதவனுக்கு இங்க என்ன விதி? மார்லிஸ், படி."

புதியவர் விதியை மார்லிஸ் வாசித்தாள். தவறாக நிரப்பியது தெரியவந்தால் அந்த உறுப்பினர் புதியவராகக் கருதப்படுவார். அடுத்த தடத்தில் சுடுகிறவர் அவருடைய தோட்டாக்களைக் கழற்றிப் பார்த்து, தமக்குத் திருப்தி ஏற்பட்ட பின்பே சுட விடவேண்டும். அதுவரை அந்தப் புதியவர் கட்டளையிடும் இடத்தில் நிற்கக்கூடாது. விதியின் நடையிலிருந்தே யார் எழுதியதென்று தெரிந்தது. 'ஐயத்திற்கு இடமின்றி' என்ற சொற்றொடர் இரண்டு முறை வந்தது.

"இது பதின்பருவத்துப் பையன்களுக்காக எழுதினது" என்றார் வெர்லின்.

"அப்படின்னு அதுல எழுதல" என்றாள் மார்லிஸ். "ஆதரிக்கறவங்க?"

கைகள் உயர்ந்தன. அவற்றில் பல, ஒரு காலத்தில் அவரிடம் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு உயர்ந்த கைகள். அடுத்த தடம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அது ஓரினுடையது.

அந்த வாரம் முழுக்க வெர்லின் நிலவறையில் கிடந்தார். இறுக்கத்தைத் தளர்த்தினார். ஒன்று நிரப்பினார், கழற்றினார், பூதக்கண்ணாடியில் பார்த்தார். வெட்டு இல்லை. மறுபடி நிரப்பினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தைப் பேசாமல் செய்தார், நன்றாகவே வந்தது. செவ்வாய்க்கிழமை ஐம்பது தோட்டாக்கள், குற்றம் சொல்ல முடியாதவை, பெட்டியில் வரிசையாக நின்றன.

சுடுகளத்தைப் பார்த்த கண்ணாடிச் சன்னல் உள்ள முன்னறையில், மேசைக்கு எதிரே ஓரின் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் மார்லிஸ் முதுகுகளுக்குப் பின்னால் நின்று "நிரப்பு" என்றாள். மூக்கால் பேசுகிற குரல். எல்லோரும் நிரப்பினார்கள். குரல் மாறியிருப்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வெர்லினின் உதடு அந்தச் சொல்லை அவளோடு சேர்ந்து முணுமுணுத்தது.

"யார்கிட்ட சொல்றீங்க சார்?" என்றான் ஓரின், தலை நிமிராமல். டொக், டொக். குண்டு விழுந்தது. விளக்கில் உருட்டிப் பார்த்தான். பளபளவென்று, கீறல் இல்லாமல்.

"நல்லா இருக்கு."

"அப்போ நான் போகலாமா?"

"திருப்தி ஏற்படலயே." அடுத்ததை எடுத்தான். டொக், டொக். அதுவும் சுத்தம். "இதுவும் நல்லா இருக்கு." அடுத்தது.

"எத்தனை கழற்றுவாய்?"

"விதியில எண்ணிக்கை போடலயே. எழுதினவரக் கேளுங்க."

உள்ளே வேட்டுச் சத்தம். வெளியே டொக், டொக். மருந்து ஒரு கிண்ணத்தில் குவிந்தது, குண்டுகள் இன்னொன்றில். வரிசை வரிசையாகப் பெட்டி காலியானது. ஓரின் அவசரப்படவில்லை. ஒவ்வொரு குண்டையும் விளக்கில் காட்டி, "அருமை சார், அருமை" என்று மார்க் போட்டான். முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. வெர்லின் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கடைசி வரிசையில் ஓரின் கைவைத்தபோது, அவர் சுடுகளத்தின் கதவைத் தள்ளித் திறந்தார்.

"நிறுத்து."

பழைய குரல், கொஞ்சமும் பழுதில்லாதது. அந்தச் சொல்லை யார் சொன்னாலும், கழகத்துக்குள் நேற்று வந்தவன் சொன்னாலும், எல்லோரும் நிறுத்தியாகவேண்டும். எங்கோ ஆபத்து என்பதற்கு அதுதான் அடையாளம். பன்னிரண்டு துப்பாக்கிகள் மேசைக்குப் போயின. பன்னிரண்டு பேரும் ஓரடி பின்வாங்கிக் கைகளை விலக்கிக்கொண்டு நின்றார்கள். கிழட்டுக் காற்றாடியின் சத்தம் மட்டும் கேட்டது. எல்லா முகமும் வெர்லினைப் பார்த்துத் திரும்பின.

அவருக்கு நெஞ்சு விரிந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

"என்ன ஆச்சு வெர்லின்?" மார்லிஸ் காதுமூடியைத் தூக்கினாள். "எங்க? யாருக்கு அடி?"

வெர்லின் வாயைத் திறந்தார். அவர்கள் காத்திருந்தார்கள். நன்றாக, பொறுமையாக, பள்ளிப் பிள்ளைகள்போலக் காத்திருந்தார்கள். சுட்டிக்காட்ட எங்கும் ஓர் ஆபத்தும் இல்லை.

பின்னால், திறந்த கதவு வழியே, ஓரின் அடுத்த தோட்டாவுக்காகச் சுத்தியலை ஓங்கி அடித்தான்.